'கிவ் மீ' சரின்னா 'எக்ஸ்ப்ளைன் மீ' மட்டும் ஏன் தப்பு?

'கிவ் மீ த புக்' சரி, 'டெல் மீ த ஸ்டோரி' சரி, ஆனா ஆபீஸ்ல 'எக்ஸ்ப்ளைன் மீ த ப்ராப்ளம்'னு சொன்னா மட்டும் தப்புங்கறாங்களே, இதுல என்ன லாஜிக்னு கேட்டிருக்கீங்க. பாதிதான் லாஜிக், மீதி வரலாறு.

தமிழ்ல நமக்கு இந்தத் தலைவலியே இல்ல. 'அவனுக்கு சாவிய குடு', 'சாவிய அவனுக்கு குடு', எப்படி மாத்திப் போட்டாலும் 'க்கு' யார்மேல ஒட்டியிருக்கோ அவன்தான் வாங்கிக்கறவன். ஆயிரம் வருஷம் முன்னாடி இங்கிலீஷ்லயும் இப்படி வேற்றுமை உருபு இருந்துச்சு, போகப்போக அதெல்லாம் தேஞ்சு போச்சு, அதனால இப்ப வார்த்தை நிக்கற வரிசைய வச்சுதான் யாருக்கு என்னன்னு புரிஞ்சுக்கணும். ஆள் முன்னாடி வந்தா 'கிவ் ஹிம் த கீ', நடுவுல எதுவும் வேணாம். பொருள் முன்னாடி வந்தா 'கிவ் த கீ டு ஹிம்'. நம்ம ஆளுங்க 'டெல் டு மீ'ன்னு சொல்றது 'எனக்கு'ல இருக்கற 'க்கு'வ அப்படியே தூக்கிட்டுப் போறதால வர்றது.

கிவ், செண்ட், ஷோ, லெண்ட், டீச், பே இதெல்லாம் 'டு' கோஷ்டி. பை, மேக், குக், கெட் எல்லாம் 'ஃபார்' கோஷ்டி, அதாவது 'பை மீ எ டீ'ய திருப்பினா 'பை எ டீ ஃபார் மீ'.

இப்ப லாஜிக் பாதிக்கு வருவோம், எனக்குப் பிடிச்ச இடமே இதுதான். ஆள முன்னாடி போடணும்னா பொருள் அந்த ஆள் கைக்குப் போய்ச் சேரணும், குறைஞ்சது சேர்ற மாதிரி இருக்கணும். 'ஐ சென்ட் த பார்சல் டு மதுரை' சரி, 'ஐ சென்ட் மதுரை த பார்சல்' இடிக்கும், ஏன்னா ஊரு பார்சல கையெழுத்துப் போட்டு வாங்காது (மதுரைன்னா உங்க கம்பெனியோட மதுரை பிராஞ்சுன்னு அர்த்தம்னா அது ஓகே ஆயிடும், பாத்துக்குங்க). அதே மாதிரி 'ஓப்பன் மீ த டோர்' வராது, கதவு என் கைக்கு வரப்போறதில்ல, ஆனா 'ஓப்பன் மீ எ சோடா'ன்னு சொல்லலாம், சோடா வருதுல்ல.

அப்படிப் பாத்தா விளக்கம் சொன்னா அதுவும் நம்மகிட்ட வந்து சேருது, அப்புறம் எக்ஸ்ப்ளைன் என்ன பாவம் பண்ணுச்சு? இங்கதான் வரலாறு. 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தப் பிடிச்சதுக்கு அப்புறம் பிரெஞ்சு, லத்தீன் வார்த்தைங்க கூட்டம் கூட்டமா உள்ள வந்துச்சு. அப்படி பின்னாடி வந்து சேர்ந்த எக்ஸ்ப்ளைன், டிஸ்க்ரைப், சஜஸ்ட், டொனேட், அனவுன்ஸ் மாதிரி நீள வார்த்தைங்களுக்கு ஆள முன்னாடி போடறது, பொருள முன்னாடி போடறதுங்கற இந்த ரெட்டை வரிசை பெரும்பாலும் கிடைக்கல, குட்டி குட்டியா இருக்கற நாட்டு வார்த்தைங்கதான், அதாவது இங்கிலீஷோட சொந்த வார்த்தைங்கதான், அத வச்சிருக்கு. டெல் வரும் எக்ஸ்ப்ளைன் வராது, கிவ் வரும் டொனேட் வராது, ஷோ வரும் டெமான்ஸ்ட்ரேட் வராது. ஆனா இத சட்டம்னு எடுத்துக்காதீங்க, 'சே' சுத்தமான நாட்டு வார்த்தை, 'சே மீ' கிடையாது, 'அசைன்' லத்தீன் வழி வந்தது, 'அசைன் மீ எ டாஸ்க்' தாராளமா சொல்லலாம்.

சின்ன விஷயம் ஒண்ணு: பொருள் 'இட்'டா இருந்தா 'கிவ் இட் டு மீ'ன்னு போறதுதான் சேஃப். 'கிவ் மீ இட்', 'கிவ் இட் மீ' ரெண்டும் பிரிட்டன்ல காதுல விழும், ஆனா பரிட்சைல எழுத வேணாம்.

சந்தேகம் வந்தா 'டு' போட்டு 'எக்ஸ்ப்ளைன் இட் டு மீ'ன்னு சொல்லிடுங்க, முக்கால்வாசி இடத்துல தப்பிச்சுக்கலாம். 'காஸ்ட்' மட்டும் தனி ஜாதி, 'இட் காஸ்ட் மீ 500 ருப்பீஸ்' மட்டும்தான், அதுக்கு 'டு' ஒட்டவே ஒட்டாது. புதுசா வர்ற வினைச்சொல்லுங்களுக்கோ இந்தப் பிரச்சனையே இல்ல, ஃபேக்ஸ், ஈமெயில், டெக்ஸ்ட் எல்லாம் வந்த வேகத்துல ரெட்டை வரிசைல உக்காந்துடுச்சு, 'வாட்ஸ்அப் மீ த லொகேஷன்'னு சொல்ல யாருக்கும் யாரும் கிளாஸ் எடுக்கல.