வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜெர்ரி ஜெஃப் வாக்கரின் 'விவா டெர்லிங்குவா' ஆல்பத்தை நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். கச்சேரிப் பதிவு என்று நம்பி உட்கார்ந்தால், பல பாடல்களில் ஒரு கைதட்டல்கூட இல்லை. திடீரென்று ஒரு பாடலில் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, பிறகு காணாமல் போகிறது. கச்சேரியையும் ஸ்டுடியோவையும் இப்படிக் கலப்பது கேட்பவரை ஏமாற்றுவதாகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஆனால் ஏமாற்று என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் ஸ்டுடியோ என்று நினைப்பது டெக்சஸில் லக்கன்பாக் என்ற குக்கிராமத்தின் பழைய மரக் கூடம். ஊர்க்காரர்கள் நடனமாடக் கூடும் இடம். 1973 ஆகஸ்டில் வாக்கர் தன் குழுவோடு அங்கே போய் இறங்கினார். ஒலிப்பதிவுக் கருவிகள் ஒரு வண்டியில் வந்து வெளியே நின்றன. டிரம்ஸின் சத்தம் கிதாரின் மைக்கில் புகாமல் இருக்க, நடுவே வைக்கோல் கட்டுகளை அடுக்கினார்கள். சில பாடல்களைக் கூடம் காலியாக இருந்தபோது பதிந்தார்கள். 18ஆம் தேதி சனிக்கிழமை, அதே கூடத்தில் மக்களை உட்கார வைத்துக் கச்சேரி செய்தார்கள். மாறியது எதிரே ஆள் இருந்ததும் இல்லாததும்தான்.

எந்தப் பாட்டுக்குக் கூட்டம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில்தான் இந்த ஆல்பத்தின் அழகு இருக்கிறது. பாடலாசிரியர் கை கிளார்க் எழுதிய 'டெஸ்பராடோஸ் வெயிட்டிங் ஃபார் எ டிரெயின்' பாடலை மறுபடியும் கேளுங்கள். எண்ணெய்க் கிணறு தோண்டிய ஒரு கிழவரும் அவர் பின்னால் சுற்றித் திரிந்த ஒரு பையனும். கடைசியில் கிழவர் சாகக் கிடக்கிறார். அங்கே யாராவது விசிலடித்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. ரே வைலி ஹப்பர்டின் 'ரெட்னெக் மதர்' நேர் எதிர். கூட்டம் சேர்ந்து கத்தாவிட்டால் அதில் பாதி உயிர் இல்லை.

உங்கள் கோபத்துக்கு உரிய இடம் வேறு. இன்னொரு கன்ட்ரி பாடகரான கிராம் பார்சன்ஸின் 'கிரீவஸ் ஏஞ்சல்' ஆல்பம் 1974இல் வெளிவந்தது. அதில் வடக்கு கியூபெக்கில் நேரடியாகப் பதிந்ததாகப் பெயரிட்ட இரு பாடல்கள் உண்மையில் ஸ்டுடியோவில் பாடியவை. கூட்டத்தின் சத்தத்தைப் பிறகு சேர்த்தார்கள். பார்சன்ஸின் குரல் எனக்கு உயிர். இருந்தும் அந்த ஒட்டுவேலை ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

வாக்கர் செய்ததில் அப்படி ஒட்டிய கைதட்டல் இல்லை. ஆல்பத்தின் கடைசிப் பாடலை அவர் பாடவும் இல்லை. பியானோ வாசித்த கேரி பி. நன்னிடம் விட்டுவிட்டார். லண்டன் குளிரில் ஊர் நினைப்பு வாட்ட, நன் எழுதிய பாட்டு அது. கூட்டத்துக்கு அது புதுப் பாட்டு. பல்லவி திரும்பி வரும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் இன்றிரவு ஒருமுறை கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.