தலையிடிக்கு ஸ்கேன் வேணுமா? குடும்ப வைத்தியரிடம் வன்னி வாசகர்கள்

மல்லாவி: மாசத்தில மூண்டு தரம் தலையிடி. வீட்டில ஸ்கேன் எடு எண்டு நிக்கினம். எடுக்காமல் மைகிரேன் எண்டு எப்பிடிச் சொல்லுறது, டொக்டர்?

மைகிரேன் ஸ்கேனில் தெரியாது. நீங்கள் சொல்கிற விவரத்தில்தான் தெரியும். இதுவரை ஐந்து தரமாவது வந்திருக்க வேண்டும். மருந்து போடாவிட்டால் 4 முதல் 72 மணித்தியாலம் நிற்கும். பிறகு நான்கு விஷயம் கேட்பேன்: ஒரு பக்கமா, விண்விண் என்று தெறிக்குதா, வேலையைக் கெடுக்கிற அளவா, குடம் தூக்கக் குனிந்தாலோ நடந்தாலோ கூடுதா? இந்த நான்கில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். அதோடு குமட்டலோ சத்தியோ இருக்க வேண்டும். அல்லது வெளிச்சம், சத்தம் இரண்டுமே பொறுக்க ஏலாமல் இருக்க வேண்டும்.

"தலையிடிக்கும்போது என்ன செய்வீங்கள்?" என்ற ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். யன்னலைச் சாத்தி, இருட்டில் அசையாமல் படுப்பவருக்குப் பெரும்பாலும் மைகிரேன். தலையைச் சுற்றிக் கயிறு இறுக்கின மாதிரி இருந்தும் சமையலை முடிப்பவருக்கு இறுக்கத் தலையிடி.

பிரஷர், கண்ணின் உட்புறம், கை கால் பலம், நடை, கழுத்து எல்லாம் பார்ப்போம். அவையும் சரி, கதையும் பொருந்துகிறது என்றால் ஸ்கேன் தேவையில்லை.

புதுக்குடியிருப்பு: கண்ணடியும் நெத்தியும் நோகுது, மூக்கு ஒழுகுது. பீனிசத்துக்கு மருந்து எடுத்தும் திரும்பத் திரும்ப வருது.

மைகிரேனிலும் மூக்கு அடைக்கும், ஒழுகும். மஞ்சள் சளியும் காய்ச்சலும் இல்லாமல், மாதாமாதம் வந்து ஓரிரு நாளில் தானாகப் போவது பீனிசம் இல்லை. அன்டிபயோட்டிக்கைத் திரும்பவும் வாங்காதீர்கள்.

மாங்குளம்: ஒவ்வொரு நாளும் பனடோல் போட்டால்தான் வேலை செய்யலாம்.

அந்தக் குளிசையே இப்போது தலையிடியைத் தரக்கூடும். பனடோல் மாதத்தில் 15 நாளோ கூடவோ, கோடீன் கலந்தது 10 நாளோ கூடவோ, மூன்று மாதத்துக்கு மேல் போனால் இப்படி ஆகும். நிறுத்தினால் முதல் சில நாள் தலையிடி கூடும், பயப்படவேண்டாம். கலண்டரில் தலையிடித்த நாளுக்கு வட்டம், குளிசை போட்ட நாளுக்குப் புள்ளி போடுங்கள். விரதம், மாதவிடாய், நித்திரை முழித்தது எல்லாவற்றையும் குறியுங்கள். எட்டுக் கிழமைக் கலண்டரோடு வந்தால் மிச்சத்தை நான் பார்ப்பேன்.

பனடோலுக்குப் பதிலாக பாமசியில் டைக்லோபெனாக் என்ற நோக்குளிசையை வாங்கிப் போடுவதும் ஆபத்து; அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருப்பதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை செய்யாமல் வேண்டாம். காய்ச்சலும் இருந்தால் தொடவே வேண்டாம்; டெங்குவாக இருக்கலாம்.

கிளிநொச்சி: ஒன்பது வயசு மகனுக்கு இரண்டு பக்கமும் நோகுது, இரண்டு மணித்தியாலத்தில விட்டிடும்.

பிள்ளைகளுக்கு அப்படியும் மைகிரேன் வரும். விடியவே சத்தி, நடையில் தடுமாற்றம் இருந்தால் அன்றே காட்டுங்கள்.

ஒட்டுசுட்டான்: தலையிடிக்கு முதல் கண்ணில வளைஞ்சு வளைஞ்சு வெளிச்சக் கோடு. குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கிறன்.

கோடு மெல்லப் பரவி, 5 முதல் 60 நிமிடத்துக்குள் மறைந்தால் அது ஓரா, அதாவது மைகிரேனுக்கு முன்னால் வருகிற அறிகுறி. ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் கலந்த குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை ஓராவோடு சேர்ந்தால் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். இந்தக் கிழமையே மிட்வைஃபிடம் சொல்லி லூப்புக்கோ ஊசிக்கோ மாறுங்கள்.

முல்லைத்தீவு: எந்தத் தலையிடிக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும்?

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறுவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. வாய் கோணுவது, ஒரு பக்கம் பலம் குறைவது. கர்ப்பத்திலோ பிள்ளை பிறந்த பிறகோ புதிதாக வருவது. 50 வயதுக்குப் பிறகு முதல் தரமாக வந்து, சோறு மெல்லும்போது தாடையும் நொந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை வேண்டும். கவனிக்காமல் விட்டால் கண் பார்வை போகலாம்.