எண்ணிமத் தொகுப்புகளைக் கூடிக் காப்பது: கேள்வி பதில்

எங்கள் கல்லூரித் தொகுப்பை மூன்று வன்தட்டுகளில் வைத்திருக்கிறோம். போதாதா?

மூன்றும் ஒரே அலமாரியில் இருந்தால் அது ஒரு நகல்தான். வெள்ளம் வந்தால் மூன்றும் சேர்ந்தே போகும். இதற்காகவே அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் ஆறு பல்கலைக்கழக நூலகங்கள் 2004-இல் மெட்டாஆர்க்கைவ் கூட்டுறவைத் தொடங்கின. உன் தொகுப்பை நான் சுமக்கிறேன், என்னுடையதை நீ சுமந்துகொள் என்பதே ஏற்பாடு.

ஒரு நகல் பழுதானால் எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. கோப்பு கெடும்போது சத்தம் வராது. ஆண்டுகள் கழித்துத் திறந்தால்தான் தெரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1990-களின் இறுதியில் பிறந்த லாக்ஸ் மென்பொருள் இதற்கு வாக்கெடுப்பு நடத்துகிறது. நகல் வைத்திருக்கும் கணினிகளில் ஒன்று மற்றவற்றுக்குப் புதிதாக ஓர் எண்ணை அனுப்பும். ஒவ்வொன்றும் அந்த எண்ணையும் தன் கோப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு விடை சொல்ல வேண்டும். எண் ஒவ்வொரு முறையும் மாறுவதால் பழைய விடையைத் திருப்பிச் சொல்ல முடியாது. கோப்பு உண்மையிலேயே கையில் இருக்க வேண்டும். பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நகல், நல்ல நகலிலிருந்து திருத்தப்படும். இவற்றை எல்லாம் ஆளும் தலைமைக் கணினி என்று ஒன்று கிடையாது.

மேகச் சேமிப்பு, அதாவது இணையவழி ஒரு நிறுவனத்தின் கணினிகளில் இடம், வாங்கினால் வேலை முடிந்ததே?

முடியவில்லை. நகல் எத்தனை இருந்தாலும் அவற்றின் நிர்வாகம் ஒன்றே.

நான் ஒப்பவில்லை. அந்த நிறுவனங்களும் பல நாடுகளில் நகல் வைக்கின்றனவே?

வைக்கின்றன, நகலின் எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. அத்தனை நகலுக்கும் சாவி எத்தனை என்று பாருங்கள். ஒரு கடவுச்சொல் திருடுபோனாலும், ஓர் ஊழியர் தவறான கட்டளை இட்டாலும், கட்டணம் நின்றாலும் எல்லா நகலும் ஒன்றாகப் போகலாம். கிளாக்ஸ் காப்பகம் ஆய்விதழ்களை உலகெங்கும் 12 இடங்களில் வைத்திருக்கிறது. எடின்பரோவில் கைதவறினால் ஹாங்காங்கில் உள்ளது அழியாது. மேகச் சேமிப்பையும் ஒரு நகலாக வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. அது ஒன்றையே நம்பாதீர்கள்.

ஓலைச்சுவடியை எந்தத் தெளிவில் மின்வருட வேண்டும்?

சுவடிப் பாதுகாப்பாளரிடம் கேளுங்கள். அது என் துறை அல்ல.

இப்படிக் கூடிக் காக்கும் நகல்களை யாரும் படிக்க முடியாமல் பூட்டி வைப்பது எதற்கு?

படிக்கும் பிரதி அந்தந்த நூலகத்தின் தளத்தில் இருக்கும். பூட்டிய நகல், அந்தப் பிரதி போனால் மீட்க.

மேகச் சேமிப்பு மலிவாயிற்றே?

மலிவானாலும் நிர்வாகம் ஒன்றே, மேலே சொல்லிவிட்டேன்.

யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது இப்படி ஒன்று இருந்திருந்தால்?

1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. வேறெங்காவது பிரதி இருந்த அச்சு நூலைத் தேடிப் பிடிக்க வழியுண்டு. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏட்டுக்கு அதுவும் இல்லை. படம் ஒருபோதும் ஓலையாகாது. ஆனால் அதிலிருந்த எழுத்தாவது மிஞ்சியிருக்கும், படங்களையும் அதே கட்டடத்துக்குள் வைக்காமல் இருந்திருந்தால்.