கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் ஆட்கள் அதன் தடுப்பாட்ட முறைக்குப் பொருந்துகிறார்களா என்று எப்படிக் கணிப்பது?

முறையின் பெயரை விடுங்கள். ஒவ்வொரு வீரரும் தனக்குக் கைவந்த இடத்தில் நிற்கிறாரா என்று பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழக அணியை எடுத்துக்கொள்வோம்.

2010-ல் தலைமைப் பயிற்சியாளர் ரிச் ராட்ரிகஸ் 3-3-5 முறையை விரும்பினார்: முன்வரிசையில் 3 பேர், அவர்களுக்குப் பின்னே நடுவரிசையில் 3 லைன்பேக்கர்கள், கடைசியில் பின்வரிசையில் 5 பேர். தடுப்பாட்டத்தைக் கவனித்த கிரெக் ராபின்சனுக்கு அது பழகிய முறையே அல்ல. கிரெய்க் ரோவை மட்டும் பார்த்தாலே கோளாறு விளங்கும். முன்வரிசை ஓரத்திலிருந்து, எதிரணியில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மீது பாய வேண்டிய ஆள் அவர். அவரை லைன்பேக்கராகப் பின்னுக்குத் தள்ளினார்கள். 5 பேர் தேவைப்படும் பின்வரிசையிலோ பலர் அனுபவமில்லாத இளைஞர்கள். அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 35.2 புள்ளிகள் விட்டுக்கொடுத்தார்கள்.

2011-ல் பிராடி ஹோக் பொறுப்பேற்று, தடுப்பாட்டத்தைக் கவனிக்க பால்டிமோர் ரேவன்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து கிரெக் மேட்டிசனை அழைத்துவந்தார். முன்வரிசையில் 4 பேர், ரோ மறுபடியும் ஓரத்தில். பெரும்பாலும் அதே ஆட்கள்தான்; சராசரி 17.4 ஆகக் குறைந்தது. ஒரு வருட அனுபவம் கூடியதும், பயிற்சியின் தரமும் இதில் சேரும் என்பதை நான் மறுக்கவில்லை.

3-3-5 மட்டமான முறை என்றும் சொல்ல மாட்டேன். 2017-ல் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழக அணி முன்வரிசையில் 3 பேரையே நம்பி ஓக்லஹோமாவை 38-31 என வீழ்த்தியது. அங்கே நடு லைன்பேக்கராக நின்ற ஜோயல் லேனிங் முந்தைய பருவத்தில் குவார்ட்டர்பேக்! ஆனாலும் புதிய இடம் அவருக்குக் கைவந்தது.

ஆகவே உங்கள் அணியில் முதலில் நோஸ் டேக்கிளை, அதாவது மூவர் முன்வரிசையில் நட்டநடுவே நிற்பவரை, பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாமல் நிற்கிறாரா? அவருக்குக் காயம்பட்டால் அடுத்த ஆள் யார்?