மட்டக்களப்பில் இருந்துகொண்டு புலனாய்வும் தேசியப் பாதுகாப்பும் படிக்கலாமா?

கேள்வி கேட்டவர் அரசறிவியல் சிறப்புக் கற்கை, மூன்றாம் வருடம். இறுதியாண்டு ஆய்வுக்குப் புலனாய்வையும் தேசியப் பாதுகாப்புக் கொள்கையையும் எடுக்க ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். கூடப் படிப்பவர்கள், அது கொழும்புக்காரருக்கும் ஆமிக்காரருக்கும் உரிய பாடம் என்கிறார்களாம். நம்மால் முடியுமா, முடிந்தாலும் என்ன பயன் என்று கேட்டிருக்கிறார்.

தம்பியோ தங்கச்சியோ தெரியவில்லை. யாராக இருந்தாலும் என் பதில், எடுங்கள். நான் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிப்பிக்கிறேன். சர்வதேச அரசியல் பாடத்துக்குள் ஐந்து வாரத்தை இந்த விஷயத்துக்கென்று ஒதுக்கி நடத்தி வருகிறேன். அந்த ஐந்து வாரத்திலும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை வேறெந்தப் பாடத்திலும் நான் கேட்டதில்லை.

நம் ஊரில் புலனாய்வு என்றதும் மனதில் வருவது புத்தகம் இல்லை. சிஐடி, ரீஐடி என்ற பொலிஸ் விசாரணைப் பிரிவுகள், ஆட்களைக் கடத்திப்போன வெள்ளை வான், தலையாட்டி. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்த ஆட்களை வரிசையாக நடக்க விடுவார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவர் முன்னால் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளைத் தனியாக எடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் விசாரணை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனங்களை முகம் மூடியவர்களின் முன்னால் நிறுத்தி, அதில் 158 பேரைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. இன்று அதே வளாகத்தில் பிள்ளைகள் அரசறிவியல் படிக்கிறார்கள்.

நான் முதன்முதலில் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதியபோது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் சுற்றிவளைப்புகளைக் கண்டவர். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு இடத்தைத்தான் திருத்தினார். "தலையாட்டி என்டு சும்மா எழுதிப்போட்டுப் போகாத மனே. சாக்குக்குள்ள இருந்தவனும் அடிபட்டு வந்தவன்தான்." அந்த ஒரு திருத்தத்தில் இந்தத் துறையின் பாதிப் பிரச்சினை இருக்கிறது. தகவல் சொல்பவர் யார், எந்த நிலையில் இருந்து சொல்கிறார், தலையை ஆட்டாவிட்டால் அவருக்கு என்ன நடக்கும்? இதைக் கேட்காமல் எடுத்த தகவலை நம்பி ஒரு முடிவு எடுத்தால், அதன் விலையைக் கொடுப்பது வேறு யாரோ ஒருவர்.

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், 59ஆவது. அதில் 588ஆம் குறள்: "ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்." ஒரு ஒற்றன் கொண்டுவந்ததை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார். அடுத்த குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியக்கூடாது, அப்படி அறியாத மூவரின் சொல் ஒத்துப்போனால்தான் நம்பலாம் என்கிறது. ஒருவரை ஒருவர் அறிந்தால் மூன்று வாயிலும் ஒரே கதை வந்துவிடும் அல்லவா. ஒரே ஊற்றிலிருந்து வந்த வதந்தி மூன்று அறிக்கைகளில் ஏறி, மூன்று சாட்சியாகத் தெரிவது இன்றைக்கும் நடக்கிற பிழை.

சரி, பல்கலைக்கழகத்தில் இதை எப்படிப் படிக்கிறார்கள்? இரகசியங்களைப் படிப்பதில்லை. ஒரு தகவல் எப்படி முடிவாக மாறுகிறது, அல்லது மாறாமல் போகிறது என்பதைப் படிக்கிறார்கள். இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஷேர்மன் கென்ட், யேல் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். 1951இல், அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவில் இருந்த அவருடைய குழு, யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க "கனமான சாத்தியம்" இருக்கிறது என்று ஒரு மதிப்பீடு எழுதியது. கென்ட் மனதில் வைத்திருந்தது நூற்றுக்கு 65. வாசித்த ஒரு அதிகாரி அதைவிட மிகக் குறைவாக விளங்கிக்கொண்டார். திடுக்கிட்டுப்போய்த் தன் குழுவிடமே கென்ட் கேட்டுப்பார்த்தார். கூட இருந்து எழுதியவர்களுக்குள்ளேயே 20க்கும் 80க்கும் இடையில் ஆளுக்கொரு கணக்கு.

இதை நான் வகுப்பில் செய்து பார்த்தேன். "வரும் நாட்களில் தாக்குதல் ஒன்று நடக்கக்கூடும்" என்று கரும்பலகையில் எழுதி, துண்டுக் கடதாசியில் ஆளுக்கொரு எண் கேட்டேன். 10 என்றும் வந்தது, 90 என்றும் வந்தது. அப்போது பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை சொன்னாள்: "சேர், எங்கட ஊரில 'நடந்தாலும் நடக்கும்' என்டா நடக்காது என்ட பக்கம். 'நடக்கும் போல கிடக்கு' என்டா குடையை எடுத்துக்கொண்டு போவம்." வகுப்பே கலகலத்தது. ஆனால் அவள் சொன்னது சரியான ஆய்வுத் தலைப்பு. அரச அறிவித்தல் ஒன்று சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டுத் தமிழில் வரும்போது அந்த நிச்சயத்தின் அளவு கூடுகிறதா, குறைகிறதா? இதைக் கொழும்பில் இருப்பவரைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள்.

அப்புறம் வவுணதீவு. என் மனதைவிட்டுப் போகாத விஷயம் இதுதான், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

2018 நவம்பர் 30 அதிகாலை, வவுணதீவு சோதனைச் சாவடியில் கடமையில் இருந்த இரண்டு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். அவர்களுடைய துப்பாக்கிகள் எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. விடுதலைப் புலிகள் தங்கள் மாண்ட போராளிகளை நினைவுகூரும் நவம்பர் 27 மாவீரர் நாள் முடிந்து மூன்றாம் நாள். சந்தேகம் உடனே முன்னாள் போராளிகள் பக்கம் திரும்பியது. ஒருவர் கைதாகி மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார். செய்தது இஸ்லாமியத் தீவிரவாதியான ஸஹ்ரானின் குழு என்பது, அவர்கள் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களை நடத்திய பிறகுதான் வெளியில் வந்தது. அதற்குள் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலியாகிவிட்டார்கள். முதல் விளக்கத்தை நானும் அன்று நம்பினேன். திகதி பொருந்துகிறதே என்று நினைத்தேன்.

சிஐஏவில் நீண்ட காலம் வேலை செய்த ரிச்சர்ட்ஸ் ஹோயர் ஒரு முறை சொல்லித்தந்தார். ஒரு தாளில் மேலே எல்லா விளக்கங்களையும் எழுது. பக்கவாட்டில் ஆதாரங்களை எழுது. ஒவ்வொரு ஆதாரமும் எந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது என்று தேடாதே, எதை உடைக்கிறது என்று தேடு. வவுணதீவை வகுப்பில் இப்படிப் போட்டோம். மேலே நான்கு கட்டம்: முன்னாள் போராளிகள், குற்றக் கும்பல், தனிப்பகை, புதிதாக வளரும் ஆயுதக் குழு. துப்பாக்கி எடுத்துப்போனது நான்கோடும் பொருந்துகிறது, ஆகவே அது எதையும் பிரித்துக் காட்டவில்லை. நவம்பர் 27ஐ ஒட்டிய திகதி முதல் கட்டத்தோடு பொருந்துகிறது, ஆனால் மற்ற மூன்றில் ஒன்றையும் உடைக்கவில்லை. பழியை அந்தப் பக்கம் திருப்ப நினைக்கும் யாரும் அதே திகதியைத் தெரிவுசெய்யலாம். அரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் கண்டது, ஒரு விளக்கத்தை மட்டும் தனித்து நிறுத்தப் போதிய ஆதாரம் தாளில் இல்லை என்பதுதான். நான்காவது கட்டத்தைத் திறந்தே வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு மாணவன் கேட்டான். அவன் ஊர் காத்தான்குடி, ஸஹ்ரானின் சொந்த ஊரும் அதுதான். நான் பதில் சொல்லவில்லை, சொல்லவும் தெரியவில்லை.

ஏனென்றால் ஊருக்குத் தெரிந்திருந்தது. 2017 மார்ச் 10, காத்தான்குடி அலியார் சந்தியில் ஸஹ்ரானின் ஆட்களுக்கும் சூபி முஸ்லிம்களுக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு ஸஹ்ரான் தலைமறைவானவர். அவரைப்பற்றி முறைப்பாடு செய்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள். தாக்குதலுக்குப் பிறகு 2019 ஏப்ரல் 26, சாய்ந்தமருதில் புதிதாக வந்து குடியிருந்த ஸஹ்ரானின் ஆட்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்ததும் ஊர்ச்சனம்தான். 2019க்குப் பிறகு ஒரு முழுச் சமூகத்தையே சந்தேகக் கண்ணால் பார்த்த நாட்களில் இதைச் சொல்ல ஆள் குறைவாக இருந்தது. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து அந்தத் தாளைப் போடுவது கிழக்கில்தான் நடக்கும். இதை நான் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு சமூகம் மட்டும் இருந்து போட்டிருந்தால் ஒரு கட்டம் குறைந்தே இருந்திருக்கும்.

ஏப்ரல் 21ஐப் பொறுத்தவரை தகவல் பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏப்ரல் 4 வெளிநாட்டு எச்சரிக்கை அரச புலனாய்வுச் சேவையின் தலைவருக்குக் கிடைத்துவிட்டது. 9ஆம் திகதி அது கடிதமாகப் பொலிஸ்மா அதிபருக்குப் போனது. 11ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ்மா அதிபரின் கடிதம் புறப்பட்டது. அது போய்ச் சேர்ந்த இடம் பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகள். சீயோனின் வாசலில் நின்ற யாருக்கும் அது வரவில்லை. அன்றைய பிரதமர் 2018 ஒக்டோபரிலிருந்தே தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படவில்லை. 1941இல் ஜப்பான் அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தைத் திடீரெனத் தாக்கியதை ஆராய்ந்த ரொபேர்ட்டா வோல்ஸ்டெட்டர், உண்மையான சமிக்ஞை இரைச்சலுக்குள் அமுங்கிப்போனது என்று காட்டினார். இங்கே இரைச்சலைக் குற்றம் சொல்ல முடியாது. சமிக்ஞை கையில், எழுத்தில், திகதியோடு இருந்தது. 2023 ஜனவரி 12 உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியும் நான்கு அதிகாரிகளும் மொத்தம் 310 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது அதனால்தான்.

இனி உங்கள் நடைமுறைக் கேள்விகள். ஆவணத்துக்குப் பஞ்சமில்லை. பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் 2019 ஒக்டோபர் அறிக்கை, அந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு, பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட், 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், அதற்கு 2022இல் வந்த திருத்தம், எல்லாமே பகிரங்கமானவை. 2016இன் தகவல் அறியும் சட்டத்தில் தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க இடமிருக்கிறது. ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் மறுக்கக்கூடாது என்று அதே 5ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதமும் உங்களுக்கு ஆய்வுத் தரவுதான். சிங்களம் வாசிக்கப் பழகுங்கள், இதில் ஆங்கிலத்தைவிட அதுதான் கைகொடுக்கும்.

செய்யக்கூடாதவை சில உண்டு, இதில் நான் கண்டிப்பானவன். உளவாளி யார் என்று ஊரில் தேடிப் போகாதீர்கள். இராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் நிற்காதீர்கள். பேட்டி கட்டாயம் வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி எடுத்து, பெயரை நோட்டில்கூட எழுதாமல் செய்யுங்கள். மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர் தயங்கினால் கோபப்படாதீர்கள். எனக்கு ஒரு மூத்தவர் "வேண்டாம், வேறு ஏதாவது பார்" என்றார். அவருடைய காலம் அப்படிச் சொல்ல வைத்தது. தலைப்பைப் பகிரங்க ஆவணங்களுக்குள் அடக்கிக் கொண்டுபோனதும் அவரே கையெழுத்துப் போட்டார்.

வேலை விஷயம் சுருக்கமாக: இந்த ஆய்வு உங்களை நேரே ஒரு உத்தியோகத்துக்குக் கொண்டுபோகாது. பத்திரிகை, சட்டம், மனித உரிமை, நிர்வாக சேவை என்று எங்கே போனாலும் கூட வரும்.

வீட்டில், தலைப்பை மட்டும் சொல்லாமல் ஆய்வுத் திட்டத்தை முழுதாக வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் பயப்படுவது தெரியாமல் இல்லை, தெரிந்துதான். எங்கே பயம் என்று கேட்டு அந்த இடத்தை மாற்றுங்கள்.

முதல் வேலையாக ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். இடப்பக்கம் 2018 நவம்பர் 30 தொடங்கி 2019 ஏப்ரல் 21 வரை திகதிகள். வலப்பக்கம் அன்று யாருக்கு என்ன தெரிந்திருந்தது, யாரிடம் சொன்னார்கள். தெரிவுக்குழு அறிக்கையையும் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். ஏப்ரல் 16க்கு வரும்போது நிதானியுங்கள். அன்றுதான் காத்தான்குடிப் பக்கம் பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வெடித்தது. அந்தத் திகதிக்கு நேரே உங்களால் எவ்வளவு எழுத முடிகிறது என்று பார்த்து இங்கேயே எனக்கு எழுதுங்கள். அங்கிருந்து தலைப்பைச் சேர்ந்து பார்ப்போம்.