பொருள் வாங்குவோர் பக்கம்: வீட்டு வேலையை நாமே செய்யும்போது

கேள்வி: மலசலகூடச் சுவரை நானே பூசுவதற்கு நான்கு பை சீமெந்து வாங்கினேன். மறுநாள் திறந்தபோது இரண்டு பைகளில் சீமெந்து கல்லாக இறுகியிருந்தது. "உங்கள் வீட்டில் வைத்துத்தான் பழுதாகியது" என்கிறார் கடைக்காரர். பற்றுச்சீட்டும் தரவில்லை. (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: சகோதரி, பிழை உங்களுடையது அல்ல. ஈரம் படாத சீமெந்து ஓர் இரவில் கல்லாவதில்லை. நிலத்தோடு அடுக்கி மாதக்கணக்கில் கிடந்த சரக்கை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டிகளை உடைத்து அரித்துப் பாவிக்க வேண்டாம், ஏனெனில் ஒருமுறை ஈரத்தோடு கூடி இறுகிய சீமெந்துக்கு மீண்டும் பிடிக்கும் வலு இல்லை. பையில் அச்சிட்டிருக்கும் திகதியும் இலக்கமும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்; ஏற்றி வந்த லான்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) காரரைச் சாட்சியாகக் குறிப்பிட்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும்.

பற்றுச்சீட்டைப் பற்றி எல்லா வாசகர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்குபவர் கேட்டால், திகதி, பொருள், அளவு, விலை ஆகியவற்றை எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வணிகரின் சட்டக் கடமை. ஆனால் எங்கள் பகுதியில் பல கடைகள், மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கிய கடதாசித் துண்டொன்றைத் தந்து அனுப்பிவிடுகின்றன. அதில் கடையின் பெயரும் இருக்காது, திகதியும் இருக்காது. வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாகக் கைக்கு வருவதால் சனங்கள் கடனுக்குப் பொருள் எடுக்கிறார்கள், கடன் சொன்ன வாய் பற்றுச்சீட்டுக் கேட்கக் கூசுகிறது. கூச வேண்டாம். கடனுக்கு எடுத்தாலும் முழு விலையையும் நாம்தான் கட்டித் தீர்க்கிறோம். பொருள் வண்டியில் ஏறுவதற்கு முன்னரே கேளுங்கள். பையின் திகதியையும் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையையும் கடை வாசலிலேயே பாருங்கள். பையின் மூலையை அமுக்கி, கட்டி தட்டுப்பட்டால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: கடற்கரை மணலைக் கழுவிப் பூச்சு வேலைக்குப் பாவிக்கலாமா? (முல்லைத்தீவு)

பதில்: கூடாது. வாளியில் அலசுவதால் உப்பு முழுதாகப் போகாது. அது சுவரில் வெள்ளையாகப் பூக்கும், கொங்கிறீற்றுக்குள் போனால் கம்பியை அரிக்கும்.

கேள்வி: ஐப்பசியில் பூசிய சுவருக்கு ஒரு கிழமையில் வர்ணம் அடித்தேன். இப்போது தோல் தோலாக உரிகிறது. தரமற்ற வர்ணம் விற்ற கடை மீது முறையிடலாமா? (கிளிநொச்சி)

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வர்ணத்தில் குறை தெரியவில்லை. புதுப் பூச்சு காய ஏறத்தாழ நான்கு கிழமைகள் வேண்டும், மாரி மழையில் இன்னும் கூடுதலாக வேண்டும். ஈரமும் சீமெந்தின் காரமும் அடங்குமுன் பூசிய எந்த வர்ணமும் நிற்காது. வாளியின் பக்கத்தில் அச்சிட்ட அறிவுறுத்தலை வாசிக்காமல் விற்றவரைக் குற்றம் சொல்வது நியாயமல்ல. உரிந்ததைச் சுரண்டி, சுவரைப் பங்குனி வரை காயவிட்டு, காரம் தாங்கும் பிறைமர் (அடிப்பூச்சு) பூசிய பின் அடியுங்கள்.

கேள்வி: குளியலறைக்கு எந்தத் தண்ணீர்க் குழாய்த் திருகி நல்லது? (புதுக்குடியிருப்பு)

பதில்: கையில் கனக்கும் பித்தளையை வாங்குங்கள். பளபளப்பை நம்பி நான் மலிவாக வாங்கிய ஒன்று, உள்ளே பிளாஸ்ரிக்காக இருந்து, கழுத்தோடு முறிந்து தாங்கித் தண்ணீர் முழுவதையும் நிலத்தில் விட்டது. விற்ற கடை பொறுப்பேற்கவில்லை. உங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீரானால், வாயில் படியும் வெள்ளைப் படிவை வினாகிரியில் ஊறவைத்துக் கழுவலாம். கத்தியால் சுரண்டினால் மேற்பூச்சு போய்விடும்.

கேள்வி: மின்குமிழுக்குப் போட்டு மிஞ்சிய வயரில் தண்ணீர் மோட்டருக்கு ஒரு பிளக் பேஸ் நானே இழுத்துவிட்டேன். வயர் சுடுகிறது. பெரிய வயர் எங்கே மலிவு? (மாங்குளம்)

பதில்: மலிவைப் பிறகு தேடலாம், முதலில் மெயின் சுவிட்ச்சை நிறுத்துங்கள். மின்குமிழுக்கு இழுக்கும் 1/1.13 வயர் (1.13 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒற்றைக் கம்பி) மோட்டரின் சுமைக்கு உரியதல்ல. 13 அம்பியர் பிளக் பேஸுக்கு வழமையாக இழுப்பது 7/0.67 (0.67 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு கம்பிகள் சேர்ந்தது). எர்த் கம்பி இல்லாத ஈரமான கிணற்றடியில் ஒரு பிள்ளை கை வைத்தால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் யோசிக்கவில்லை. இந்த வேலையைத் தகுதி பெற்ற மின்னியலாளரிடம் விடுங்கள்; மின் ஒழுகினால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் அவரைக் கொண்டே பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்.

கேள்வி: அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கிரைண்டரால் வெட்டலாமா? (மல்லாவி)

பதில்: வெட்டவே வேண்டாம். அந்தத் தூசியிலுள்ள நார்கள் நுரையீரலில் தங்கிப் பல வருடங்களின் பின் புற்றுநோயைக் கொண்டுவரும். கூரையை அளந்துகொண்டு போய், வெட்டத் தேவைப்படாத நீளத்தில் தகரம் வாங்குங்கள். பழைய சீற்றைக் கழற்றுவதானால் நன்றாக நனைத்து, உடைக்காமல் இறக்குங்கள். அந்த நேரம் பிள்ளைகள் வளவுக்குள் நிற்கக் கூடாது.