பத்து நாள் விரதம் இருக்கிறவருக்கு மன உறுதி இல்லையா?

கேள்வி: ரெதுயியில் மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணக்கியல் படிக்கிறேன். புள்ளியியலில் தவறிவிட்டேன், மறுபடி எழுத வேண்டும். ஆனால் மாலையில் புத்தகத்தைத் திறந்தாலே கை போனுக்குப் போகிறது, படுக்க இரவு இரண்டு மணி ஆகிறது. காலையில் என் மேலேயே வெறுப்பு வருகிறது. உனக்கு மன உறுதி கிடையாது என்கிறார் அப்பா. காவடிக்குப் பத்து நாள் விரதம் மட்டும் வருடாவருடம் விடாமல் இருக்கிறேன். நான் என்ன செய்வது? (வாசகர், ரோஸ் ஹில்)

பதில்: தம்பி, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே காவடி விரதம், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பத்து நாள் வாயைக் கட்டுகிறவருக்கு மன உறுதி இல்லை என்று அப்பா சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பத்து நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கொடியேறியதும் வீட்டில் மீன், கறி எதுவும் வாங்குவதில்லை, அம்மாவும் விரதம், மாலை ஆனால் கோயில். ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டிய நேரமே உங்களுக்குக் குறைவு. உளவியல் ஆய்வாளர்கள் பிரையன் கல்லாவும் ஏஞ்சலா டக்வொர்த்தும் 2015இல் வெளியிட்ட ஆய்வுகளும் இதைத்தான் காட்டின: சுயக்கட்டுப்பாடு மிகுந்த மாணவர்கள் நன்றாகப் படிப்பதற்குப் பெரிய காரணம் அவர்களுடைய பழக்கங்கள்தான், தினமும் மனதோடு சண்டை போட்டு ஜெயிப்பது இல்லை. நீங்களோ போனை மேசையிலேயே வைத்துக்கொண்டு தினமும் அந்தச் சண்டையைப் போடுகிறீர்கள்.

சரி, ஏன் போன்? ஒரு தடவை தவறிய பாடத்தைத் திறந்ததும் பயமும் வெட்கமும் சேர்ந்து வருகிறது, அதைத் தாங்க முடியாமல் கை வேறு எதையாவது தேடுகிறது, போனைத் தொட்டதும் அந்த நிமிடம் மனது லேசாகிறது, அதனால் நாளைக்கும் கை அங்கேதான் போகும். படிப்பைத் தள்ளிப்போடுவது நேரத்தைத் திட்டமிடத் தெரியாததால் மட்டும் வருவதில்லை, கசப்பான உணர்விலிருந்து உடனே தப்பிக்கிற வழியாகவும் அது இருக்கிறது என்று ஃபூசியா சிரோயிஸ், டிமொதி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013இல் எழுதினார்கள். உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பதும் அதுதான். அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினால் மட்டும் இது தீராது.

ஆகவே புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு தாளில் அந்த நேரத்து உணர்வை அப்படியே எழுதுங்கள், 'மறுபடி தவறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது' என்று. பேர் வைத்துவிட்டால் அதன் வேகம் கொஞ்சம் தணியும். அப்புறம் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், கொடுக்க வெட்கமாக இருந்தால் வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள், ஆனால் அதே மேசையில் கவிழ்த்து வைப்பது வேண்டவே வேண்டாம். முதல் நாள் ஒரே ஒரு கணக்குப் போட்டால் போதும். தினமும் அதே நேரம், அதே நாற்காலி.

ஒரு நாள் தவறினால்? தவறுவீர்கள், பரவாயில்லை. லண்டனில் செய்து 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்கூட என்று கணக்கிட்டார்கள், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. அதே ஆண்டு கனடாவில் முதலாண்டு மாணவர்களிடம் செய்த ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். காலையில் உங்களையே திட்டிக்கொள்கிறீர்களே, அதுதான் மாலையில் புத்தகத்தின் மேல் இன்னும் பயத்தை ஏற்றுகிறது. அப்பாவிடமும் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

பயம் குறையாமல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் வளாகத்து மனநல ஆலோசகரைப் பாருங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. மற்றபடி இந்த வாரமே தவறிய விடைத்தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பாட விரிவுரையாளரிடம் போய், எங்கே பிசகினேன் என்று கேளுங்கள்.